கைநாட்டைக் கணக்காக்கிய போலீஸ் துரை



“அவனா? அவன் வெறும் கைநாட்டுப் பேர்வழி!” என்று யாரையாவது இளக்காரமாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவன், கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றுகிறவன் என்று பொருள். நம் தாத்தாமாரில் எத்தனையோ பேர் சம்பள நாளில் கிராணியார் மேசைக்கு முன்னால் நின்று அப்படித்தான் கைநாட்டு வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டுவிடலாம். கைநாட்டை அப்படிப் போட முடியாது. எழுதப் படித்தவனின் கையெழுத்தைவிட எழுத்தறியாதவனின் கைநாட்டே உறுதியான சாட்சி! இந்த உண்மையை உலகத்துப் போலீஸ் இலாகாக்கள் அனைத்தும் ஒப்புக்கொள்ளும்படி செய்தவர் வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்த ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் எட்வர்ட் ஹென்றி. அவருடைய கதையையும், அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு வங்காளிகளின் கதையையும் இங்கே சொல்லப் போகிறேன்.

ஹென்றி பெரிய சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல. 1850-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் தேதி லண்டன் நகரத்தில் கப்பல்துறையை ஒட்டிய ஷாட்வெல் என்ற பகுதியில், அயர்லாந்துக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் லாயிட்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் குமாஸ்தா வேலை. பகலில் பேரேடு எழுதிவிட்டு, மாலையில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வகுப்புக்குப் போவார். இந்திய சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதித் தேறி 1873-இல் வங்காளத்துக்கு வந்து சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நம் பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளலாம். உதவி மாஜிஸ்திரேட்டாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 1891-இல் வங்காள மாகாணத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார்.

பதவியில் அமர்ந்ததும் அவருக்குப் பெரிய தலைவலி ஒன்று காத்திருந்தது. திருடன் ஒருவனைப் பிடிக்கிறார்கள். பெயர் என்ன என்றால் ராம்தாஸ் என்பான். போன வருஷம் வேறு ஜில்லாவில் அதே ஆள் ஹரிதாஸ் என்று சொல்லி உள்ளே போயிருப்பான்! மீசையை மழித்து, ஊரை மாற்றிச் சொன்னால் அவன் புது ஆள். பழங்குற்றவாளி என்று தெரிந்தால்தானே கூடுதல் தண்டனை? போட்டோ பிடித்து வைக்கலாம். ஆனால் பல்லாயிரம் போட்டோக்களில் எதை என்று தேடுவது?

அந்தக் காலத்தில் பாரிஸ் நகரத்துப் போலீஸில் பெர்ட்டில்லோன் என்பவர் ஒரு முறையைக் கொண்டு வந்திருந்தார். தலையின் நீளம், அகலம், நடுவிரல் நீளம், பாத நீளம் இவற்றையெல்லாம் கருவி வைத்து அளந்து அட்டையில் எழுதி வைப்பது. ஹென்றியும் அதை வங்காளத்தில் நடைமுறைக்குக் கொண்டு வந்தார். ஆனால் சங்கடம் எங்கே வந்தது தெரியுமா? ஒரே ஆளை இரண்டு கான்ஸ்டபிள்கள் அளந்தால் இரண்டு கணக்கு வரும். ஒருவர் கருவியை அழுத்திப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பார். துணி அளக்கிற கடையிலேயே அரைக்கஜம் கூடக் குறைய ஆகிறதே, மண்டையை அளப்பதில் ஆகாதா?

விரல் ரேகையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் ஹென்றிக்குத்தான் முதலில் உதித்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதே வங்காளத்தில், ஜங்கிப்பூர் என்ற ஊரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி 1858-ஆம் ஆண்டிலேயே ஒரு காரியம் செய்தார். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வானநூல் மேதையின் பேரன் இவர். சாலை போடச் சரளை கொடுப்பதாக ராஜ்யதர் கோனாய் என்ற காண்டிராக்டர் ஒப்பந்தம் எழுதினார். பிற்பாடு “இது என் கையெழுத்தே இல்லை” என்று அந்த மனிதர் கையை விரித்துவிடக் கூடாதே என்று, அவருடைய உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் முதுகில் பதிய வைத்தார் ஹெர்ஷல். பயமுறுத்தத்தான் செய்தார். ஆனால் அதிலிருந்து அவருக்கு ரேகைப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெரிந்தவர், நண்பர் எல்லாருடைய விரலையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து வைத்துப் பார்த்தார். வயது ஏறினாலும் ரேகை மாறவில்லை! 1877-இல் ஹூக்ளி ஜில்லா மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பென்ஷன் வாங்குகிறவர்களிடமும், பத்திரம் பதிகிறவர்களிடமும், சிறைக் கைதிகளிடமும் ரேகை வாங்கினார். செத்துப்போன பென்ஷன்காரரின் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கும் தில்லுமுல்லு அதனால் அடங்கியது.

ஹெர்ஷல் சேர்த்த ரேகைகள் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற விஞ்ஞானியின் கைக்குப் போய், அவர் 1892-இல் விரல் ரேகை பற்றி ஒரு நூலே எழுதினார். ஹென்றி அவருக்குக் கடிதம் எழுதினார். 1894-இல் விடுமுறையில் தாயகம் போனபோது நேரிலும் சென்று பார்த்தார். ஆனால் கால்ட்டனுக்கும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ரேகையை வாங்கியாயிற்று, சரி. லட்சக்கணக்கான ரேகைச் சீட்டுகளில் ஒன்றை ஐந்து நிமிஷத்தில் தேடி எடுப்பது எப்படி? பெயரை அகராதி வரிசையில் அடுக்கலாம். ரேகையை எந்த வரிசையில் அடுக்குவது?

இங்கேதான், பெற்றோர்களே, நம் கதையின் உண்மையான நாயகர்கள் வருகிறார்கள். கல்கத்தா போலீஸ் காரியாலயத்தில் ஹென்றியின் கீழ் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் காஜி அஜீசுல் ஹக். குல்னா பக்கத்துக்காரர் (இன்று அது வங்காள தேசத்தில் இருக்கிறது). கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். கணக்கில் கெட்டிக்கார இளைஞன் ஒருவன் வேண்டும் என்று ஹென்றி தேடியபோது, கல்லூரியின் சிபாரிசில் 1892-இல் போலீஸில் சேர்ந்தவர். மற்றவர் நதியா ஜில்லாவைச் சேர்ந்த ஹேம சந்திர போஸ்.

அவர்கள் அமைத்த கணக்கைச் சொல்கிறேன். மாணவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரல் நுனியைப் பாருங்கள். சிலருக்குச் சக்கரம்போல வட்டமாகச் சுழித்திருக்கும். சிலருக்குச் சங்கு மாதிரி ஒரு பக்கமாக வளைந்து திரும்பும். சிலருக்கு வில் மாதிரி மேடாக ஏறி இறங்கும். சங்கு, சக்கரம் என்று பாட்டிமார் கையைப் பிடித்துச் சொல்வார்களே, ஏறக்குறைய அதேதான். சக்கரம் இருந்தால் ராஜயோகம் என்பார்கள் பாட்டிமார். போலீஸ்காரர் அதற்கு நம்பர் கொடுத்தார்!

வலது கட்டைவிரல் 1, சுட்டுவிரல் 2 என்று தொடங்கி, வலது சுண்டுவிரல் 5. இடது கட்டைவிரல் 6, இடது சுண்டுவிரல் 10. இரண்டிரண்டு விரலாக ஐந்து ஜோடி. முதல் ஜோடியில் எந்த விரலில் சக்கரம் இருந்தாலும் அதற்கு மதிப்பு 16. அடுத்த ஜோடிக்கு 8, பிறகு 4, 2, 1. சக்கரம் இல்லாவிட்டால் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி மேலேயும், ஒற்றைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டிக் கீழேயும் எழுதுங்கள். இரண்டிலும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வலது கட்டைவிரலிலும் வலது மோதிரவிரலிலும் மட்டும் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். மோதிரவிரல் 4-ஆம் விரல், மதிப்பு 8, ஒன்று சேர்த்தால் மேலே 9. கட்டைவிரல் 1-ஆம் விரல், மதிப்பு 16, ஒன்று சேர்த்தால் கீழே 17. அவருடைய எண் 9/17. சக்கரமே இல்லாதவருக்கு 1/1. பத்திலும் சக்கரம் உள்ளவருக்கு 32/32.

ஆக மேலே 32 விதம், கீழே 32 விதம். 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1,024. தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்துப் போடும் மரக் கண்ணறைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல நிரைக்கு 32, வரிசைக்கு 32 என்று 1,024 அறைகள். 9/17 உள்ள ஆள் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவனுடைய சீட்டு அந்த ஓர் அறையில்தான் இருக்கும். சில அறைகளில் கூட்டம் அதிகமாகச் சேருமே என்பீர்கள். சேர்ந்தது. அவற்றை, கோடுகளை எண்ணி மேலும் சிறு பிரிவுகளாக உடைத்தார்கள். அதோடு நிற்காமல், ரேகையின் அடையாளத்தைத் தந்தி மூலம் அனுப்புவதற்கு ஒரு குறியீட்டு முறையையும் போஸ் வகுத்தார்.

ஹென்றி 1896 ஜனவரியில், அளவுகளோடு பத்து விரல் ரேகையையும் எடுக்கும்படி உத்தரவு போட்டார். பிறகு இரண்டு முறைகளில் எது மேல் என்று பார்த்துச் சொல்லும்படி இந்திய சர்க்காரைக் கேட்டுக்கொண்டார். சர்வேயர் ஜெனரல் ஸ்ட்ராஹனும், பிரசிடென்சி கல்லூரி முதல்வர் பெட்லரும் அடங்கிய கமிட்டி 1897 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. செலவு குறைவு, கருவி வேண்டாம், தேர்ச்சி பெற்ற ஆள் வேண்டாம், சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், தவறுக்கு இடமில்லை, ஆகவே ரேகையே மேல் என்றார்கள். ஜூன் மாதம் இந்தியா முழுவதற்கும் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. கல்கத்தாவில் திறந்த ரேகைக் காரியாலயம் உலகத்திலேயே முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. லண்டனுக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது!

இனி ஒரு வழக்கு. தோட்டத்து மக்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு.

வங்காளத்தின் வடகோடியில், பூட்டான் எல்லையை ஒட்டி ஜல்பைகுரி ஜில்லா. முழுக்கத் தேயிலைத் தோட்டங்கள். அங்கே ஒரு தோட்டத்துத் துரை ஒருநாள் தம் படுக்கையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். காகிதப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் திறந்து கிடந்தன. பல நூறு ரூபாய் காணோம்.

சந்தேகம் முதலில் யார்மேல் விழுந்தது? வேறு யார்மேல் விழும்! தோட்டத்துக் கூலியாட்கள்மேல்தான். துரை வேலை வாங்குவதில் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர்; ஆகவே கூலிகளில் ஒருவன்தான் பழி தீர்த்திருப்பான் என்றார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பாலோர் சோட்டா நாக்பூர் மலைகளிலிருந்து கூட்டி வரப்பட்ட ஆதிவாசிகளும் நேபாளிகளும். நம்மவர்களைப் போலவே கடல் தாண்டாவிட்டாலும் காடு மலை தாண்டிப் பிழைக்க வந்த ஜனங்கள். அவர்களுக்காகப் பேச யார் இருந்தார்கள்? அடுத்த சந்தேகம் சமையற்காரர்மேல். அவருடைய துணியில் ரத்தக் கறை இருந்தது. “ஐயா, துரையின் சாப்பாட்டுக்குப் புறா அறுத்தேன்” என்று சொன்னார் அவர். துரையோடு தொடர்பு வைத்திருந்த ஒரு பெண்ணின் உறவினர்மேலும் சந்தேகம். பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த காபூலிக்காரர்கள்மேலும் சந்தேகம். கடைசியாக, திருட்டுக் குற்றத்துக்காகத் துரை சிறைக்கு அனுப்பிய காங்காலி சரண் என்ற பழைய வேலைக்காரன். ஆனால் அவன் விடுதலையான பிறகு அந்த வட்டாரத்தில் அவனைக் கண்டவரே இல்லை.

காகிதப் பெட்டியில் வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது. இளநீல அட்டை. அதில் மங்கலாக இரண்டு பழுப்புக் கறை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒரு கறை வலது கை விரலின் ரேகை! பஞ்சாங்கம் கல்கத்தா காரியாலயத்துக்குப் போனது. அங்கே இருந்த பதிவோடு ஒப்பிட்டார்கள். காங்காலி சரணின் வலது கட்டைவிரல்! பல நூறு மைல் தள்ளி பீர்பூம் ஜில்லாவில் அவனைப் பிடித்தார்கள். கறை பாலூட்டி இனத்தின் ரத்தம் என்று ரசாயனப் பரிசோதகர் சொன்னார். சமையற்காரர் துணியில் இருந்தது புறா ரத்தம்தான் என்பதும் பரிசோதனையில் நிரூபணமாயிற்று.

1898-இல் தீர்ப்பு வந்தது. கொலையைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை, ஆகவே கொலைக் குற்றத்துக்குத் தண்டிப்பது சரியல்ல. ஆனால் திருடியது இவன்தான் என்பதில் ஐயமில்லை என்று முடிவாயிற்று. மேல் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. சரித்திர நூல்கள் இதை ரேகையால் திருடன் அகப்பட்ட முதல் வழக்குகளில் ஒன்றாகச் சொல்கின்றன. என் மனத்தில் நிற்பது வேறு. அந்தப் பஞ்சாங்க அட்டை மட்டும் இல்லாதிருந்தால், அந்தச் சமையற்காரர் கதி என்ன? லயத்தில் இருந்த கூலி எவனாவது ஒருவன் கதி என்ன? ரேகை ஒருவனைப் பிடித்துக் கொடுத்ததை எழுதுகிறார்கள். பலரைக் காப்பாற்றியதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை.

மறு ஆண்டே, 1899-இல், இந்தியாவில் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி ரேகை நிபுணரின் கருத்தைக் கோர்ட்டில் செல்லுபடியாக்கினார்கள்.

ஹென்றியின் பிற்கால உத்தியோகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1900-இல் அவருடைய ரேகை நூல் வெளிவந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஜொகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களின் போலீஸ் படையைச் சீரமைக்க அனுப்பப்பட்டார். 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் உதவிக் கமிஷனர். அந்த ஜூலையிலேயே அங்கே ரேகைப் பிரிவு தொடங்கியது. 1903 முதல் 1918 வரை லண்டன் போலீஸ் கமிஷனர். 1905-இல் ஸ்டிராட்டன் சகோதரர்கள் என்ற இருவர், பணப்பெட்டியில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகையால் கொலைக்குற்றம் நிரூபணமாகித் தூக்கிலிடப்பட்டார்கள். 1912-இல் வாடகைக் கார் ஓட்ட லைசென்ஸ் மறுக்கப்பட்ட ஒருவன் ஹென்றியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டான். குண்டடி பட்ட ஹென்றி, “அவனுக்குக் கருணை காட்டுங்கள்” என்று கோர்ட்டில் கேட்டுக்கொண்டார். அவன் சிறையிலிருந்து வெளியே வந்ததும் கனடா போய்ப் பிழைத்துக்கொள்ளக் கப்பல் கட்டணமும் கொடுத்தார் என்பது அந்த மனிதரின் இன்னொரு பக்கம். 1918-இல் லண்டன் போலீஸ்காரர்களே சம்பளத்துக்காகவும் சங்கத்துக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதோடு ஹென்றி பதவி விலகினார். 1931-இல் காலமானார்.

துரையின் புகழை மட்டும் பாடிவிட்டுப் போனால் அது சரித்திரம் ஆகாது. நிரபராதியைக் காப்பாற்றிய அதே மை, ஓர் இனத்தையே குற்றவாளி ஆக்குவதற்கும் பயன்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசாங்கம் இந்தியர்கள் ஒவ்வொருவரும் ரேகை பதிந்து சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தது. அதை எதிர்த்து 1906 செப்டம்பரில் கூடிய கூட்டத்திலிருந்துதான் காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் பிறந்தது. பத்து விரல் ரேகையும் சட்டப்படி குற்றவாளிகளிடம் மட்டுமே வாங்கப்படுவது என்பதை ஹென்றி என்ற போலீஸ் அதிகாரியின் நூலிலிருந்து தாம் அறிந்ததாகக் காந்தியடிகளே எழுதியிருக்கிறார். பார்த்தீர்களா, அந்த நூல் எங்கே போய் யார் கைக்கு எட்டியது! அந்தப் போராட்டத்தில் தம்பி நாயுடு முதலான எத்தனையோ தமிழ் பேசும் மக்கள் சிறை புகுந்தார்கள். 1908 ஆகஸ்டில் ஜொகன்னஸ்பர்க் மசூதி மைதானத்தில் ஆயிரக்கணக்கான சீட்டுகளை நெருப்பில் போட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் அது நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று. 1911-இல் அதைத் திருத்தி, பட்டியலில் சேர்த்த சாதியாரின் ரேகையை வாங்கலாம் என்றார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். ஒரு குற்றமும் செய்யாத ஆளும், பிறந்த குலத்துக்காக விரலை நீட்ட வேண்டும். மதுரை ஜில்லாவில் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயாக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது.

நம் நாட்டிலும் 1948-இல் அவசரகாலம் வந்தபோது, பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் போட்டோவும் கட்டைவிரல் ரேகையும் வைத்த அடையாளக் கார்டு கொடுத்தார்கள். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். துரை, கிராணி, தொழிலாளி எல்லாருமே விரலை நீட்ட வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடுகிறவரும் அன்று கைநாட்டுக்காரர்தான்!

கடைசியாக அந்த இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களிடம் வருவோம். உலகம் முழுவதும் அந்த முறைக்கு ‘ஹென்றி முறை’ என்றுதான் பெயர். ரயிலில் போகும்போது திடீரென்று யோசனை தோன்றி, காகிதம் இல்லாததால் சட்டைக் கைப்பட்டையிலேயே ஹென்றி குறித்துக்கொண்டார் என்று ஒரு கதையும் உண்டு. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான சீட்டுகளை நாள்தோறும் புரட்டி, கணக்குப் போட்டு, பிரித்து, மறுபடி கலைத்துச் சேர்த்தவர்கள் கைப்பட்டையில் எழுதவில்லை. காரியாலயத்து மேசையில் எழுதினார்கள். ஹென்றியின் நூலில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. ஹென்றியைத் தீயவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துத் துரைமார்க்கு அது வழக்கம். கீழே இருப்பவன் செய்வதெல்லாம் மேலே இருப்பவர் கணக்கில் ஏறும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆண்டுகள் சென்றபின் ஹக் தமக்கு அங்கீகாரம் வேண்டுமென்று அரசாங்கத்துக்கு எழுதினார். இங்கிலாந்தில் ஓய்வில் இருந்த ஹென்றியிடம் கேட்டார்கள். ரேகைகளை வகைப்படுத்தும் முறையைச் செம்மைப்படுத்தியதில் தம் ஊழியர்களில் மற்றவர் எவரையும்விட ஹக்கின் பங்கே அதிகம் என்று 1926-இல் அவர் பதில் எழுதினார். புத்தகத்தில் சொல்லாததை இருபத்தாறு ஆண்டு கழித்துக் கடிதத்தில் சொன்னார். ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும், போஸுக்கு ராய் பகதூர் பட்டமும், இருவருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாயும் கிடைத்தன. ஹக் பீகாரில் மோத்திஹாரி என்ற ஊரில் குடியேறி, 1935-இல் அங்கேயே காலமானார். போஸ் 1949 வரை இருந்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்து ரேகை நிபுணர்களின் சங்கம் ஆராய்ச்சிக்கென்று ஒரு பரிசை ஏற்படுத்தியது. அதில் ஹென்றியின் பெயர் இல்லை. அஜீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன.